சங்கத்தின் குரலும் கம்பெனியின் பணமும்

அக்கராயனில் கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை



வயல்வேலைகளுக்கு நடுவே இத்துணைப் பேர் இங்கு கூடியிருப்பதைக் காண எமக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே உண்டாகின்றன. ஊர் கூடி ஆலோசிக்கும் வழக்கம் இம்மண்ணில் இன்னும் அழியவில்லை என்பதனால் மகிழ்ச்சி. வேலையை விட்டு வந்தவர்களை வெறும் சொற்களோடு திருப்பி அனுப்பிவிடலாகாதே என்பதனால் அச்சம். ஆகவே நேரே விடயத்துக்கு வருவோம்.

நாம் சட்டத்தொழிலில் இருப்பவர்கள். எமது தொழிலில் ஒரு பழைய விதி உண்டு. ஒரு காணி வழக்கிலே வழக்காளியின் சார்பில் தோன்றும் சட்டத்தரணி, அதே வழக்கில் எதிராளியிடம் ஒரு சதமேனும் வாங்குதல் ஆகாது. வாங்கிய தொகை சிறிதா பெரிதா என்று எவரும் கேட்பதில்லை. “வாங்கினேன், ஆயினும் நேர்மையாகவே வாதாடினேன்” என்று அவர் கூறினாலும் அதனை எவரும் ஏற்பதில்லை. அவர் உள்ளம் தூயதாகவே இருக்கலாம். ஆனால் வழக்கில் தோற்ற கட்சிக்காரன் அதனை அறிவது எங்ஙனம்? அவன் ஆயுள் உள்ளவரை ஐயத்தோடு அன்றோ வாழவேண்டும்? அந்த ஐயத்துக்கு இடம் வைக்கலாகாது என்பதற்காகவே அவ்விதி ஏற்பட்டது.

தனி மனிதனுக்குச் சட்டத்தரணி எப்படியோ, அப்படியே ஊருக்கு அதன் சங்கங்கள். கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, விளையாட்டுக் கழகம் ஆகிய இவையே அரசாங்கத்தின் முன்னும் கம்பெனிகளின் முன்னும் மக்களுக்காகப் பேசும் வாய்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புக்குச் சட்டப்படியான ஓர் இடத்தையே கொடுத்திருக்கின்றது. அந்த வாய்களுக்கு ஊட்டுபவர் எவர் என்னும் கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

இக்கேள்வி இப்பொழுது ஏன் எழுகின்றது? போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் வன்னி நிலத்தின் மீது பெருமுதலின் கண் விழுந்திருக்கின்றது. இங்கிருந்து வடமேற்கே பூநகரிப் பகுதியிலுள்ள பொன்னாவெளியில், சீமெந்து உற்பத்திக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ டோக்கியோ சீமெந்து நிறுவனம் முன்வைத்த திட்டத்தை எதிர்த்து 2023, 2024 ஆம் ஆண்டுகளில் அவ்வூர் மக்கள் போராடினர். கல்லை அகழ்ந்தால் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவராகும் என்பது அவர்கள் அச்சம். அதே பூநகரியில் 234 மெகாவாற்றும் மன்னாரில் 250 மெகாவாற்றும் காற்றிலிருந்து மின்சாரம் பெறும் திட்டங்களோடு இந்தியாவின் அதானி நிறுவனம் வந்தது. 2025 பெப்ருவரியில் அது விலகிக்கொண்டது. ஒரு கம்பெனி போனால் இன்னொரு கம்பெனி வரும். காற்றும் கல்லும் மணலும் நீரும் இங்கே இருக்கும்வரை வருவோர் வந்துகொண்டேயிருப்பர்.

வருவோர் எல்லாரும் தீயவர் என்று நாம் கூறவில்லை. மின்சாரம் வேண்டும், தொழில் வேண்டும், சீமெந்தும் வேண்டும். ஆனால் வருவோர் எவரும் வெறுங்கையோடு வருவதில்லை. பாடசாலைக்குக் கணினி, பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, கோயிலுக்கு மணிக்கூண்டு, கழகத்துக்குப் பந்தும் சீருடையும், சங்கத்துக்குக் கட்டடம் என்று ஏதேனும் ஒன்றைக் கொண்டு வருவர். இதற்குச் சமூகப் பொறுப்பு என்று பெயரிட்டிருக்கின்றனர். கொடுப்பது குற்றமன்று. வாங்கிய பின்னர் வாங்கியவரின் வாய்க்கு என்ன நேர்கின்றது என்பதே கேள்வி.

இவ்வட்டாரத்திலுள்ள எந்தச் சங்கமும் விலைபோய்விட்டது என்று குற்றஞ்சாட்ட நாம் இங்கு வரவில்லை. நோய் வருமுன்னர் காப்பதே அறிவு. நோய் வந்த இடத்தைப் பார்த்து வந்தால் நமக்கு அறிவு தெளியும். அதற்காக உங்களை அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு அழைத்துச் செல்லுகின்றோம். சிறுபான்மை மக்களின் சங்கங்களும் பெரும் கம்பெனிகளும் கைகோத்த வரலாறு அங்கே நெடியது. அது பெரிதும் வெளிப்படையாகவே நடந்தது.

அந்நாட்டிலே ஸ்பானிய மொழிவழி மக்கள் என்று ஒரு பெரும் சமூகம் உண்டு. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அவர்கள் தொகை ஏறத்தாழ 6 கோடி 21 இலட்சம். மெக்சிக்கோவிலிருந்தும் பிற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் உழைக்க வந்தோரும், ரெக்சாஸ், கலிபோர்ணியா ஆகிய நிலங்கள் அமெரிக்காவின் கைக்குப் போகுமுன்னரே அங்கு வாழ்ந்தோரின் சந்ததியினரும் இவர்களுள் அடங்குவர். மொழிக்காகவும் நிறத்துக்காகவும் ஒதுக்கப்பட்டவர்கள். பிறர் தோட்டங்களிலே கூனிக் குனிந்து பழம் பறித்தவர்கள். இம்மக்களின் கதை நமக்கு அந்நியமானதன்று.

இவர்கள் தமக்கெனச் சங்கங்கள் கண்டனர். 1929 ஆம் ஆண்டில் ரெக்சாஸ் மாநிலத்துக் கோர்ப்பஸ் கிறிஸ்டி நகரில் ‘லூலாக்’ என்னும் அமைப்புத் தோன்றியது. சட்டத்தொழிலில் உள்ள எமக்கு அதன் வரலாற்றில் ஒரு பக்கம் என்றும் மறவாதது. ரெக்சாஸின் ஜாக்சன் கவுண்டியில் 25 ஆண்டுகளாக அழைக்கப்பட்ட 6,000 க்கும் மேற்பட்ட யூரிமாரில் மெக்சிக்க வழியினர் ஒருவரேனும் இல்லை. இந்த அநீதியை எதிர்த்து ஹெர்னாண்டஸ் என்னும் ஒரு தொழிலாளியின் வழக்கிலே அச்சமூகத்தின் சட்டத்தரணிகள் நாட்டின் உயர்நீதிமன்றம் வரை சென்றனர். கையிலே பணம் இல்லை. ஏழை மக்கள் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கசங்கிய நோட்டுகளும் சில்லறையுமே அவ்வழக்கை நடத்த உதவின. 1954 மே மாதம் நீதியரசர் அனைவரும் ஒருமுகமாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தனர். அந்தச் சில்லறைக் காசுக்குப் பின்னே எந்தக் கம்பெனியும் நிற்கவில்லை. ஆகவே அந்தச் சட்டத்தரணிகள் எவரையும் எதிர்த்துப் பேச அஞ்சவேண்டியிருக்கவில்லை.

மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். 1962 ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவின் டெலானோ என்னும் ஊரை மையமாகக் கொண்டு பண்ணைத் தொழிலாளர் ஒரு சங்கம் கண்டனர். சந்தா மாதம் மூன்றரை டொலர். கூலி மிகக் குறைந்த அம்மக்களுக்கு அது பெருந்தொகை. 1965 செப்ரெம்பரில் பிலிப்பைன்ஸ் வழித் தொழிலாளர் தொடங்கிய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தில் இச்சங்கமும் சேர்ந்தது. பிற தொழிற்சங்கங்களும் கிறிஸ்தவ திருச்சபைகளும் உதவின என்பது உண்மை. ஆனால் தோட்ட முதலாளியின் பணம் அங்கு நுழையவில்லை. ஐந்து ஆண்டுகள் நின்று பிடித்து, 1970 ஆம் ஆண்டில் டெலானோவின் திராட்சைத் தோட்டக்காரரை ஒப்பந்தத்தில் கையொப்பமிட வைத்தனர்.

இனி அடுத்த காலத்துக்கு வருவோம். 1968 ஆம் ஆண்டில் தென்மேற்கு மாநிலங்களிலே ‘லா ராசா’ என்ற பெயர் தாங்கிய ஒரு பேரவை எழுந்தது. அதன் முதற்பணம் போர்ட் அறநிதியத்திலிருந்து வந்தது. அது 2017 ஆம் ஆண்டிலே தன் பெயரை ‘உனிடோஸ்’ என மாற்றிக்கொண்டு இன்றும் இயங்குகின்றது. அறநிதியங்களின் பின்னே கம்பெனிகளும் வந்தன. ஆண்டு மாநாட்டுக்குக் காசு, மாணவர் உதவிப்பணம், விருந்துச் செலவு, செயலகச் செலவு என்று உதவி பெருகிற்று. உறுப்பினரின் சந்தாவை நம்பியிருந்த நிலை மெல்ல மெல்ல மாறிற்று.

கூர்ஸ் என்னும் பியர்க் கம்பெனியின் கதை கேளுங்கள். தம்மவருக்கு வேலை கொடுப்பதில் அது பாகுபாடு காட்டுகின்றது என்று ஸ்பானிய மொழிவழி மக்கள் 1960 களின் இறுதியிலிருந்தே அதன் பியரைப் பகிஷ்கரித்து வந்தனர். 1977 ஆம் ஆண்டில் அதன் ஆலைத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்ய, தொழிற்சங்கங்களும் பகிஷ்காரத்திலே சேர்ந்தன. 1984 ஆம் ஆண்டிலே அச்சமூகத்தின் அமைப்புகள் சிலவற்றோடு கம்பெனி ஓர் ஒப்பந்தம் செய்தது. ஐந்து ஆண்டுகளில் வேலை, வியாபாரம், நன்கொடை ஆகியவற்றின் மூலம் ஏறத்தாழ 35 கோடி டொலர் அச்சமூகத்துக்குத் திரும்பும் என்றது. வேலைவாய்ப்பு என்னும் பழைய குறைக்கு ஒரு பரிகாரம் அதிலே இருந்தது. அதனை மறுக்கலாகாது. ஆனால் அவ்வொப்பந்தத்திலே ஒரு முள்ளும் இருந்தது. கம்பெனி கொடுக்கும் தொகை அச்சமூகத்தவர் குடிக்கும் பியரின் அளவோடு பிணைக்கப்பட்டிருந்தது. மக்கள் கூடக் குடித்தால் சங்கத்துக்குக் கூடக் கிடைக்கும்! குடியால் குடும்பங்கள் சீரழிவதைக் கண்டு வருந்தவேண்டிய சங்கம், விற்பனை உயர்ந்தால் மகிழவேண்டிய இடத்திலே வந்து நின்றது. தொழிற்சங்கங்களின் பகிஷ்காரமோ 1987 வரை நீடித்தது.

2011 ஆம் ஆண்டிலே ஏ.ரி. அன்ட் ரி. என்னும் தொலைபேசிக் கம்பெனி, ரி-மொபைல் என்னும் மற்றொரு கம்பெனியை 3,900 கோடி டொலருக்கு வாங்க முற்பட்டது. போட்டி குறைந்தால் கட்டணம் கூடும். கட்டணம் கூடினால் முதலில் வருந்துபவன் ஏழை. ஆயினும் அவ்வாங்குதலை ஆதரித்து அரசாங்க ஆணையத்துக்கு எழுதிய சிறுபான்மை அமைப்புகளுள் லூலாக்கும் ஒன்று. அக்கம்பெனியிடம் நன்கொடை பெற்றுவந்த அமைப்புகளுள்ளும் அது ஒன்று. போட்டியை அழிக்கும் செயல் என்று அரசாங்கமே வழக்கிட்டது. ஆண்டு முடியுமுன்னர் கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது. ஏழையின் பக்கம் பேச அரசாங்கத்தின் சட்டத்தரணி வந்தார். ஏழையின் பெயரால் அமைந்த சங்கம் எதிர்ப்பக்கத்தில் நின்றது. 1954 ஆம் ஆண்டிலே கசங்கிய நோட்டுகளோடு உயர்நீதிமன்றப் படியேறிய அதே சங்கம்!

இன்னொன்று. இனிப்பு மென்பானங்களால் நீரிழிவும் உடற்பருமனும் பெருகுவதைக் கண்ட நியூயோர்க் நகரச் சுகாதார சபை, 470 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட குவளைகளிலே அவற்றை உணவகங்களில் விற்கலாகாது என்று 2012 செப்ரெம்பரில் விதித்தது. கறுப்பு மக்களும் ஸ்பானிய மொழிவழி மக்களுமே அந்நோயால் கூடுதலாக வருந்துபவர்கள். மென்பானக் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 2013 ஜனவரியில் அக்கம்பெனிகளின் பக்கம் நின்று நீதிமன்றத்துக்கு எழுத்துமூல வாதம் கொடுத்தோர் யார்? கறுப்பு மக்களின் பழம்பெரும் சங்கத்தின் நியூயோர்க் கிளையும், ‘ஹிஸ்பானிக் பெடரேஷன்’ என்னும் கூட்டமைப்புமே! இரண்டும் கொக்கா கோலாவிடம் பணம் பெற்றவை. பின்னதன் தலைவர் 2012 ஆம் ஆண்டிலேயே கொக்கா கோலாவின் பதவி ஒன்றுக்குப் போயிருந்தார். அவ்விதி நடைமுறைக்கு வருமுன்னரே நீதிமன்றத்தால் வீழ்ந்தது. 2014 இல் மேன்முறையீடும் தோற்றது.

நியாயத்துக்கு மாறாக நாம் பேசலாகாது. அவ்விரு அமைப்புகளும் கூறிய வாதத்திலே உண்மை இல்லாமல் இல்லை. அவ்விதி எம்மவரின் சிறு கடைகளைத் தாக்கும், ஆனால் பெரிய சங்கிலிக் கடைகள் சிலவற்றைத் தொடாது என்றனர். அது மெய்தான். சிறுகடைக்காரனுக்காகப் பேசவேண்டியதும் சங்கத்தின் கடமையே. ஆனால் அவர்கள் அதனை மனமாரச் சொன்னார்களா, பணத்துக்காகச் சொன்னார்களா என்று இன்று எவரால் தீர்ப்புக் கூற முடியும்? வாங்கிய காசு அவர்கள் உண்மையைக்கூடப் பொய்போல் ஆக்கிவிட்டது. பெரியோர்களே, நட்டம் எங்கே விழுந்தது என்று கவனியுங்கள். சங்கம் விற்கப்படவேண்டும் என்பதில்லை. விற்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் ஒன்றே போதும், அதன் சொல்லுக்கு நிறை போய்விடும். சிறுபான்மை மக்களுக்குப் பாராளுமன்றத்திலே எண்ணிக்கை இல்லை. பட்டாளம் இல்லை. நமக்கிருக்கும் ஒரே முதல், நம் சொல்லைப் பிறர் நம்புதல். அதனையும் இழந்தால் எதனைக் கொண்டு பேசுவது?

இதே கொக்கா கோலா கேரளத்திலே, தமிழ்நாட்டெல்லையை அடுத்த பிளாச்சிமடையிலும் ஓர் ஆலை நடத்திற்று. 2000 ஆம் ஆண்டிலே தொடங்கி நிலத்தடி நீரை உறிஞ்சிற்று. கிணற்று நீர் கெட்டதென்று பழங்குடி மக்கள் 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கினர். மயிலம்மா என்னும் எழுத்தறியாத தாய் முன்னின்றார். பெருமாட்டிப் பஞ்சாயத்தோ ஆலைக்கு முதலில் அனுமதி கொடுத்த சபை. ஆலையிலிருந்து அதற்கு வருமானமும் உண்டு. ஆயினும் மக்கள் குரலைக் கேட்டு 2003 ஏப்ரலில் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சிலே ஆலை நின்றது. நியூயோர்க்கின் பெரிய அமைப்பு செய்யாததை ஒரு சின்னஞ்சிறு பஞ்சாயத்துச் செய்தது. அதன் உறுப்பினர் அதே ஊர்க் கிணறுகளில் நீர் அள்ளும் மக்களுக்கு நாளும் முகங்கொடுக்க வேண்டியவர்கள். அம்மக்களுக்கே கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள்.

நம்முடைய முன்னோரும் இவ்வழியை அறியாதவர்கள் அல்லர். வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய மரபு யாழ்ப்பாணத்து மரபு. 1911 ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின் பின்னர் ஊர்தோறும் ஐக்கிய நாணய சங்கம் கண்டவர்கள் நாம். மூளாயிலே மக்கள் பங்குப்பணம் போட்டுக் கூட்டுறவு வைத்தியசாலை எழுப்பினர். அந்தச் சங்கங்களில் குறை இருந்தது, சச்சரவும் இருந்தது. ஆனால் எவருடைய சங்கம் என்ற ஐயம் மட்டும் இருந்ததில்லை.

இங்கே மூன்று தடைகள் எழும் என்பதை அறிவோம்.

போரில் எல்லாம் இழந்தவர்கள் நாங்கள், சந்தாவுக்கு எங்கே போவோம் என்பது முதலாவது. இதனை இகழ்ந்து பேச எமக்கு நாவு எழாது. கூரையின்றித் திரும்பி வந்து காடு வெட்டிய கைகள் இங்கே இருக்கின்றன. ஆயினும் பெருந்தொகை கேட்கவில்லை. சங்கத்தின் கடிதச் செலவு, பயணச் செலவு, கணக்குப் புத்தகம் ஆகியவற்றுக்கு உரிய பணம் மட்டும் உறுப்பினருடையதாக இருக்கட்டும். அறுவடைக்கு ஏக்கருக்கு ஒரு கொத்து நெல் போதும். கட்டடம் இரவலாயிருக்கலாம். வாய் இரவலாயிருத்தல் கூடாது.

அரசாங்கம் செய்யாததைக் கம்பெனி செய்கின்றதே என்பது இரண்டாவது. பாடசாலையும் வைத்தியசாலையும் வீதியும் நாம் இறுக்கும் வரிக்கு ஈடாக நமக்குரிய உரிமைகள். அவற்றைக் கம்பெனியின் கொடையாக வாங்கப் பழகினால், உரிமையைக் கேட்கும் பழக்கமே நம்மை விட்டுப் போய்விடும். புத்தகப்பை வாங்கிய பிள்ளையின் தகப்பன் நாளைக்கு நீதிமன்றத்தில் அக்கம்பெனிக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூசுவான். நன்றி மறவாமை நம்மவர் பண்பு. அப்பண்பையே பிடியாகப் பற்றுவோர் உண்டு என்பதை மறக்கலாகாது.

வருபவன் நம்மவன்தானே, தமிழன் முதலீடுதானே என்பது மூன்றாவது. தமிழன் முதலீடு செய்தால் வரவேற்போம். ஆனால் முதலுக்கு மொழி இல்லை. உவராகிய கிணறு, தோண்டியவன் பேசிய மொழியைக் கேட்டு நன்னீராவதில்லை. உள்ளூர் முதலாளிக்கும், கொழும்புக் கம்பெனிக்கும், இந்தியக் கம்பெனிக்கும், புலம்பெயர்ந்த உறவினரின் கம்பெனிக்கும் விதி ஒன்றே.

அந்த விதி யாது? சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் நான்கு தீர்மானங்களை உங்கள் முன் வைக்கின்றோம். பொதுச்சபையைக் கூட்டி இவற்றை யாப்பிலே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, கம்பெனி எதுவும் சங்கத்துக்குக் கொடுக்கும் பணமோ பொருளோ, கொடுத்தவர் பெயர், தொகை, தேதி ஆகியவற்றோடு பதிவு செய்யப்பட்டு, பொதுச்சபையில் வாசிக்கப்பட்டு, சங்கத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்டப்படல் வேண்டும்.

இரண்டாவது, இவ்வட்டாரத்திலே காணிக்கோ கல்லுக்கோ மணலுக்கோ நீருக்கோ காற்றுக்கோ விண்ணப்பித்திருக்கும் கம்பெனியிடம், அவ்விண்ணப்பம் முடியும்வரை எதனையும் வாங்குதல் ஆகாது.

மூன்றாவது, சங்கத்தின் உத்தியோகத்தர் ஒருவருக்கோ அவர் குடும்பத்தினருக்கோ அக்கம்பெனியிடம் உத்தியோகமோ, ஒப்பந்தமோ, வாகன வாடகையோ, காணிக் குத்தகையோ இருக்குமாயின், அவர் அதனை வெளிப்படையாகக் கூறி, அக்கம்பெனி பற்றிய விவாதத்தின்போது சபையை விட்டு எழுந்துவிடல் வேண்டும். உழைப்பது குற்றமன்று, மறைப்பதே குற்றம்.

நான்காவது, எத்திட்டத்தையும் ஆதரித்தோ எதிர்த்தோ சங்கத்தின் பெயரால் எழுதும் கடிதம், பொதுச்சபைத் தீர்மானமின்றி வெளியே போகலாகாது. தலைவரும் செயலாளரும் மட்டும் இறப்பர் முத்திரை குத்திக் கொடுக்கும் கடிதம் ஊரின் கடிதமாகாது.

இந்த நான்காவது தீர்மானத்தின் முக்கியத்தைச் சற்று விளக்குவோம். தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் பெருந்திட்டமொன்று வரும்போது, அவ்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கருத்துக் கூற 30 நாட்கள் உண்டு. அந்த 30 நாட்களுக்குள் ஊர்ச் சங்கங்களிலிருந்து வரும் கடிதங்களே மக்களின் கருத்தாகக் கோவையிலே ஏறும். பின்னர் நீதிமன்றத்துக்குப் போகும்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அக்கோவையை எடுத்து, “மக்கள் விரும்பினரே, இதோ கடிதம்” என்பார். அக்கடிதத்திலே உங்கள் சங்கத்தின் முத்திரை இருக்குமாயின், நாம் எத்துணை சட்டநூல்களைப் புரட்டினாலும் பயன் குறைவே. கம்பெனி அரசாங்கத் திணைக்களங்களுக்குக் கொடுத்த பத்திரங்களைக் கேட்டுப்பெற 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் நமக்கு வழி தருகின்றது. ஆனால் ஒரு கம்பெனி ஒரு கிராமச் சங்கத்துக்குத் தனிப்படக் கொடுத்ததை அச்சட்டத்தால் எளிதில் வெளிக்கொணர முடியாது. அதனை வெளியே வைக்கவேண்டியவர்கள் நீங்களே.

படித்த வகுப்பாருக்கும் ஒரு வார்த்தை. சட்டத்தரணிகளே, பொறியியலாளர்களே, வைத்தியர்களே, ஆசிரியர்களே! கமக்காரனுக்கு அறிக்கை வாசிக்க நாம் வேண்டும். அவனுக்காக வாசிப்போம். ஆனால் நாம் எவரிடம் கட்டணம் பெறுகின்றோம் என்பதை முதலில் அவனிடம் சொல்லிவிட்டு வாசிப்போம். அரசியற் கட்சிகளில் இருக்கும் எம்மையும் இதே அளவுகோலால் அளவுங்கள். மேடையிலே உங்களுக்காகக் கர்ச்சிப்பவர் எவர் வாகனத்தில் வந்து இறங்கினார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2023 ஆம் ஆண்டின் தேர்தற் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டத்தின்படி, தேர்தலின் பின் 21 நாட்களுக்குள் வேட்பாளர் தம் வரவு செலவுக் கணக்கைக் கொடுக்கவேண்டும். அதனைக் கேளுங்கள், படியுங்கள்.

பெருமக்களே! இவ்வூர்க் குளத்தின் கதை உங்களுக்குத் தெரியும். குளக்கட்டிலே எலி வளை தோண்டினால் ஊரார் அன்றே மண்வெட்டி எடுப்பர். வளை சிறிது, நீர் இன்னும் கசியவில்லை, அடுத்த போகத்துக்குப் பார்ப்போம் என்று எவரும் இருப்பதில்லை. சங்கம் நமக்கு மற்றொரு குளக்கட்டு. அதற்குள்ளே மழையும் வெயிலும் போரும் கடந்து நாம் சேர்த்து வைத்திருப்பது ஊரின் நம்பிக்கை. அடுத்த பொதுச்சபைக்கு இத்தீர்மானங்களைக் கொண்டு போங்கள். பிழை கண்டால் திருத்துங்கள். ஆனால் கம்பெனியின் வாகனம் வந்து வாசலில் நிற்கும் நாள்வரை காத்திராதீர்கள். அன்று விதி எழுத உட்கார்ந்தால், எழுதும் பேனாவும் அவர்கள் கொடுத்ததாக இருக்கும்.